மஞ்சள் துண்டு யார் தோளில்?

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். நீங்களும் மனைவியும் சென்னையில் வேலை பார்க்கிறீர்கள். டிசம்பர் முதல் மே வரை இருவருக்கும் சம்பளமில்லாத விடுப்பு கிடைத்திருக்கிறது. மகளுக்கு ஏழு வயது, மகனுக்கு மூன்றரை. மூன்று வருடமாகக் கோவளத்தில் வார இறுதிகளில் சர்ஃபிங் பழகியிருக்கிறீர்கள். இந்த ஆறு மாதத்தை இலங்கையிலோ பாலியிலோ கழிக்கலாமா, எந்த ஊர் நல்லது என்று கேட்கிறீர்கள். “தினமும் இரண்டு வேளை அலையில் இறங்க வேண்டும் என்பது என் ஆசை” என்று ஒரு வரி. “பிள்ளைங்களைக் கடல்ல தள்ளப் போறீங்களா என்று அம்மா அழுகிறார்” என்று இன்னொரு வரி. எந்த ஊர் என்பதற்குச் சீக்கிரம் பதில் சொல்லிவிடலாம். நீங்கள் உண்மையில் தெரிந்துகொள்ள விரும்புவது வேறு என்று நினைக்கிறேன்: சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு மனசுக்கு நிறைவாக அலைக்குப் போக முடியுமா, போனால் அவர்களுக்கு ஆபத்தோ படிப்புக்குக் கேடோ வருமா? முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தாராளமாகப் போகலாம். ஆனால் ஒரு வேளைதான் கிடைக்கும். அந்த ஒரு வேளை உங்கள் மனைவிக்கும் அதே அளவு கிடைத்தால்தான் ஆறு மாதம் ஓடும்.

நான் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பதினான்கு வருடமாகப் பிள்ளைகளுக்கு நீச்சலும் சர்ஃபிங்கும் சொல்லித்தருகிறேன். உயிர்காப்புப் பயிற்சி எடுத்தவள். 2023 டிசம்பர் கடைசியிலிருந்து 2024 மே நடு வரை நானும் கணவரும் எங்கள் இரண்டு பெண்களோடு இலங்கையில் தங்கினோம். அப்போது பெரியவளுக்கு எட்டு வயது, சின்னவளுக்கு நான்கு. நான் டாக்டரும் இல்லை, குழந்தை மனநலம் படித்தவளும் இல்லை. தண்ணீரைப் பற்றி நான் சொல்வதை உறுதியாக எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளின் மனசு பற்றிச் சொல்வது என் இரண்டு பெண்களையும், என்னிடம் படித்த பிள்ளைகளின் குடும்பங்கள் சிலவற்றையும் பார்த்துச் சொல்வது மட்டுமே.

ஊரைத் தீர்மானிக்க வேண்டியது காற்று. டிசம்பர் முதல் ஏப்ரல் வரை இலங்கையின் தென் கரை, அதாவது வெலிகம, மிதிகம, அகங்கம பக்கம், சர்ஃபிங்குக்கு ஏற்ற காலம். தென்மேற்குப் பருவக்காற்று மே மாதம் தொடங்கியதும் அந்தக் கரை கலங்கிவிடும். அப்போது கிழக்கில் அறுகம் குடா விழித்துக்கொள்ளும். காரணம் எளிது: தென்மேற்கிலிருந்து வரும் காற்று தெற்குக் கரையில் கடலிலிருந்து நிலத்தை நோக்கி அடித்து அலையைக் குலைக்கும். அதே காற்று தீவைக் கடந்து கிழக்குக் கரைக்குப் போகும்போது நிலத்திலிருந்து கடலை நோக்கி அடித்து அலையைத் தாங்கிப் பிடிக்கும். உங்கள் ஆறு மாதத்தில் நான்கரை மாதம் தெற்கிலும் மிச்சம் கிழக்கிலும் என்று கச்சிதமாகப் பிரியும். பாலியில் இது தலைகீழ். அங்கே குட்டா, சாங்கு இருக்கும் மேற்குக் கரைக்கு நல்ல காலம் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை. டிசம்பர் தொடங்கி மார்ச் வரை மழை. ஆற்று வழியே வரும் கழிவும் பிளாஸ்டிக்கும் அந்த மாதங்களில் அதே கரையில் ஒதுங்கும். போய் இறங்கியதும் எடுக்கும் விசா 30 நாள், ஒரு முறை நீட்டித்தால் மொத்தம் 60 நாள், அதோடு சரி. நாய்க்கடி வெறிநோய் 2008 முதல் அங்கே ஒரு பிரச்சினை. உங்கள் மாதங்களுக்குப் பாலி பொருந்தாது. போர்ச்சுகல் பற்றியும் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். எரிசெய்ரா அருமையான இடம்தான், ஆனால் குளிர்காலத்தில் தண்ணீர் 15 டிகிரிக்கு வந்துவிடும், ஷெங்கன் விசாவில் 180 நாளில் 90 நாள்தான் இருக்கலாம். மூன்றரை வயதுப் பிள்ளைக்கு வெட்சூட் (குளிர் தாங்கும் ரப்பர் உடை) மாட்டிக் கழற்றுவதிலேயே உங்கள் காலைப்பொழுது போய்விடும்.

இலங்கையை நான் சொல்வதற்கு இன்னொரு காரணம் தூரம். சென்னையிலிருந்து கொழும்புக்கு விமானத்தில் ஒன்றரை மணி நேரம்கூட ஆகாது. ஏதாவது நடந்தால் அன்று இரவே வீட்டில் இருக்கலாம். தாத்தா பாட்டி வந்து போகலாம். இதன் அருமை இரண்டாவது மாதத்தில்தான் தெரியும், அதைப் பிறகு சொல்கிறேன்.

வெலிகம ஒரு வளைந்த குடா. அடியில் மணல், பாறை இல்லை. திறந்த கடலில் பெரிதாக வரும் அலையும் குடாவுக்குள் நுழைந்து வளையும்போது வேகம் இழந்து, இடுப்பளவு நுரையாகக் கரைக்கு வரும். தண்ணீர் 27, 28 டிகிரி. பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் நம் பக்கத்தில் இல்லை. ஆனால் அது கற்றுக்கொள்பவர்களின் கரை. ஜனவரியில் காலை எட்டு மணிக்கு மேல் நூற்றுக்கணக்கான பலகைகள் தண்ணீரில் இருக்கும், பாதிப் பேருக்குத் திருப்பத் தெரியாது. அங்கே உங்கள் பிள்ளைக்கு முதல் ஆபத்து கடல் இல்லை, யாரோ விட்டுவிட்ட பலகைதான். எட்டடி ஃபோம் போர்டு ஒன்று நுரையோடு குறுக்காக வந்தால் கணுக்கால் தண்ணீரில் குந்தி மணல் தோண்டுகிற பிள்ளையின் முகத்துக்கு நேராக வரும். ஆகவே சர்ஃபிங் பள்ளிக்காரர்கள் கொடி நட்டிருக்கும் நடுப்பகுதியை விட்டுக் கரையோரமாக நடந்து, பலகை அதிகம் இல்லாத இடத்தில் உங்கள் பாயை விரியுங்கள். தினமும் அதே இடத்தில்.

காலை அட்டவணை காற்றுப்படிதான். இரவில் நிலம் குளிர்ந்து, விடியலில் கரைக்காற்று கடலை நோக்கி மெல்ல வீசும். அப்போது அலை கண்ணாடி மாதிரி இருக்கும். பத்து, பத்தரைக்கு வெயிலேறியதும் காற்று திரும்பிவிடும். அதாவது நல்ல தண்ணீர் உங்களுக்கு நான்கு மணி நேரம். அதை இரண்டாக வெட்டுங்கள்: ஆறே காலிலிருந்து ஏழரை வரை ஒருவர், ஏழே முக்காலிலிருந்து ஒன்பது வரை இன்னொருவர். ஒன்பதுக்கு மேல் பிள்ளைகளுக்கு வெயில் ஆகாது, வீட்டுக்குப் போய்விட வேண்டும். நீங்கள் கேட்ட இரண்டாவது வேளை எங்கே வரும் என்று பாருங்கள். மாலை நாலரைக்கு மேல் வரலாம், ஆனால் அது பிள்ளைகளின் வேளை. மகளை நுரையில் தள்ளிவிடவும் மகனைப் பலகையின் முன்னால் உட்கார வைத்து மிதக்கவும் அந்த நேரம்தான் இருக்கிறது. அதையும் நீங்கள் எடுத்துக்கொண்டால், பிள்ளைகளுக்கு இந்தப் பயணம் அப்பாவைக் கரையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த பயணம் ஆகிவிடும்.

இப்போது மஞ்சள் துண்டு. மூன்றாவது வாரம் ஒரு காலை, அலை அவ்வளவு அழகாக இருந்தது. இளநீர்க் கடை வைத்திருந்த அக்காவிடம் (சிங்களத்திலும் அக்கா என்றால் அக்காதான்) பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளச் சொன்னோம். அவரும் சிரித்துத் தலையாட்டினார். பெரியவள் பாயில் படம் வரைந்துகொண்டிருந்தாள், சின்னவள் பக்கத்தில் குழி தோண்டிக்கொண்டிருந்தாள். நானும் கணவரும் சேர்ந்து இறங்கினோம். மூன்றாவது அலையில் எழுந்து நின்று கரையைப் பார்க்கிறேன், சின்னவளின் சிவப்புத் தொப்பி இல்லை. படுத்துக்கொண்டே கரைக்கு வந்து சேர அதிகம் போனால் ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். கரையில் இழுத்துப் போட்டிருந்த ஒரு ஃபைபர் படகுக்குப் பின்னால் சின்னவள் உட்கார்ந்து, இரண்டு பேர் வலையிலிருந்து மீன் உதறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கால் நனையவே இல்லை. எனக்குத்தான் முட்டி நடுங்கியது. கடை அக்கா நான்கு பேருக்கு இளநீர் வெட்டிக்கொண்டிருந்தார், அது அவர் பிழைப்பு. பெரியவள் ‘அக்கா பார்த்துப்பாங்க’ என்று நினைத்தாள். நாங்கள் ‘பெரியவளும் அக்காவும் இருக்காங்க’ என்று நினைத்தோம். எல்லோரும் பார்ப்பதாக நினைத்து ஒருவரும் பார்க்கவில்லை. நான் பிள்ளைகளுக்குத் தண்ணீர்ப் பாதுகாப்பு சொல்லித்தருகிறவள், எனக்கே இப்படி ஆனது.

அன்று மாலை சமையலறைக்கு வாங்கியிருந்த ஒரு மஞ்சள் துண்டை எடுத்து விதி போட்டோம். துண்டு யார் தோளில் இருக்கிறதோ அவர் கரையாள். துண்டு தோளில் இருக்கும்போது ஃபோன் கையில் இருக்கக் கூடாது, பேச்சுத் துணை கூடாது, முட்டிக்கு மேல் தண்ணீரில் இறங்கக் கூடாது. மாற்றும்போது துண்டைக் கையோடு கைதான் கொடுக்க வேண்டும், பாயில் வைத்துவிட்டுப் போகக் கூடாது. வாங்குகிறவர் பிள்ளைகள் இருவரையும் கண்ணால் பார்த்து, “ரெண்டு பேரும் என்கிட்ட” என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கேட்கச் சடங்கு மாதிரி இருக்கும். நீச்சல் குளங்களிலும் இதே முறையைத்தான் பயிற்சியாளர்கள் சொல்லித்தருவார்கள், காரணம் ஒன்றுதான்: மூழ்கும் குழந்தை கத்தாது. கையை வீசாது. வாய் தண்ணீர் மட்டத்துக்கு வந்ததும் மூச்சுக்கே நேரம் போதாது, குரல் எங்கிருந்து வரும்? ஒரு நிமிஷத்துக்குள் முடிந்துவிடும். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 2021-இல் சுமார் 3 லட்சம் பேர் மூழ்கி இறந்தார்கள், அவர்களில் ஏறக்குறைய கால் பங்கு ஐந்து வயதுக்குட்பட்டவர்கள். உங்கள் மகனுக்கு மூன்றரை. அவன் தண்ணீரில் இருக்கும்போது நீங்கள் கை நீட்டினால் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். மிதவைச் சட்டை போட்டிருந்தாலும் இதே தூரம்தான்.

இழுப்பு, அதாவது கடலுக்குள் இழுத்துப் போகும் நீரோட்டம் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்கும், ஆனால் பிள்ளைகளோடு போகும்போது அது வேறு மாதிரி ஏமாற்றும். அலைகள் கரைக்குக் கொண்டுவந்து கொட்டும் தண்ணீர், மணல்திட்டில் எங்கே பள்ளம் இருக்கிறதோ அந்த வழியாகக் கடலுக்குத் திரும்பும். பள்ளத்தில் ஆழம் அதிகம் என்பதால் அங்கே அலை உடையாது. கரையிலிருந்து பார்த்தால் இரண்டு பக்கமும் நுரை, நடுவில் கொஞ்சம் கருத்த, அமைதியான தண்ணீர். சர்ஃபிங் தெரியாத பெற்றோர் பிள்ளையை இறக்கத் தேர்ந்தெடுப்பது அந்த அமைதியைத்தான். ஆஸ்திரேலியாவில் சிவப்பும் மஞ்சளுமான கொடிகளுக்கு நடுவே குளி என்று ஐந்து வயதிலேயே பழக்கிவிடுகிறார்கள். இலங்கையின் தென் கரையில் எல்லா இடத்திலும் அப்படிக் கொடியை எதிர்பார்க்க முடியாது. தினமும் காலையில் பாய் விரிக்கும் முன் ஐந்து நிமிஷம் நின்று தண்ணீரைப் பாருங்கள், மகளையும் பார்க்கச் சொல்லுங்கள். “இன்னிக்கு எங்க இழுக்குது?” என்று கேளுங்கள். ஏழு வயதுக்கு அது புரியும். என் பெரியவள் ஒரு மாதத்தில் என்னைவிடச் சீக்கிரம் கை காட்டினாள். மாட்டிக்கொண்டால் எதிர்த்து நீந்தாதே, மிதந்துகொண்டு கையைத் தூக்கு, முடிந்தால் கரைக்கு இணையாக ஒரு பக்கமாகப் போ என்பதையும் அப்படியே மனப்பாடமாகச் சொல்லிக்கொடுங்கள்.

கற்றுக்கொடுப்பதில் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். மகனுக்கு இந்தப் பயணத்தில் சர்ஃபிங் கிடையாது, தண்ணீர் விளையாட்டு மட்டும். மகளுக்கு நுரை அலையில், இடுப்பளவு ஆழத்தில், நீங்கள் பலகையின் வாலைப் பிடித்துத் தள்ளிவிட, ஒரு தடவைக்கு நாற்பது நிமிஷம் போதும். தண்ணீர் சூடாகத்தானே இருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள். சிறிய உடம்பு சீக்கிரம் சூட்டை இழக்கும், 28 டிகிரியிலும் ஒரு மணி நேரத்தில் உதடு நீலமாகும். முழுக்கை லைக்ரா சட்டை, கழுத்தை மூடும் தொப்பி, முகத்துக்குத் துத்தநாக களிம்பு. பலகை ஃபோம் போர்டாகவே இருக்கட்டும். நான் கைவைத்தியம் பார்த்த காயங்களில் பெரும்பாலானவை சொந்தப் பலகையும் அதன் அடியில் இருக்கும் துடுப்பும் (ஃபின்) வெட்டியவை. விழும்போது இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு எழுந்திரு என்பதுதான் முதல் பாடம், நிற்பது பிறகு. அவள் “போதும்” என்றால் அந்த நொடியே போதும். ‘இன்னும் ஒரே ஒரு அலை’ என்று அப்பாக்கள் கெஞ்சுவதை வாராவாரம் பார்க்கிறேன். அப்படிக் கெஞ்சப்பட்ட பிள்ளைகளில் பலர் அடுத்த வருடம் வருவதில்லை.

ஒரு விஷயத்தை வெளிப்படையாகவே சொல்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ள மாட்டீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் கேள்வியில் “நான்” அலைக்குப் போவது ஏழு இடத்தில் வருகிறது. மனைவியும் உங்களோடு மூன்று வருடம் பழகியவர், அவர் எத்தனை வேளை இறங்க விரும்புகிறார் என்று ஓர் இடத்திலும் இல்லை. எங்கள் முதல் மாதத்தை நான் நோட்டில் குறித்து வைத்திருந்தேன்: கணவர் 24 முறை, நான் 11. அவர் சுயநலக்காரர் இல்லை. முதல் முறை அவருக்கு, இரண்டாம் முறை எனக்கு என்று பிரித்ததுதான் தவறு. முதல் முறையை யாரும் கெடுக்க முடியாது, பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருப்பார்கள். இரண்டாம் முறையைத்தான் இருமல் தின்னும், காலை உணவு தின்னும், “அம்மாதான் வேணும்” என்ற அழுகை தின்னும், சீக்கிரம் திரும்பிய காற்று தின்னும். பிப்ரவரியிலிருந்து நான் முதலில் போனேன். சின்னவள் கண் விழிக்கும்போது அப்பா பக்கத்தில் இருந்தார், நாலு நாள் அழுதாள், ஐந்தாம் நாள் அவரிடம் பால் கேட்டாள். உங்கள் மனைவிக்கு முதல் முறையைக் கொடுங்கள், குறைந்தது ஒன்றுவிட்டு ஒரு நாள். துணி துவைக்கவும் சமைக்கவும் உள்ளூர் ஆள் ஒருவரைத் தினம் இரண்டு மணி நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். விடுதிச் செலவில் குறைத்தாவது இதைச் செய்யுங்கள்.

வீடு என்று சொல்லும்போது, கடலுக்கு நேர் முன்னால் எடுக்காதீர்கள். வாசல் திறந்தால் அலை என்பது படத்துக்கு அழகு, மூன்றரை வயதுக்காரன் இருக்கும் வீட்டில் இரவுகூட உங்களுக்கு நிம்மதி இருக்காது. கரையிலிருந்து ஐந்து பத்து நிமிஷ நடையில், சுற்றுச்சுவரும் தாழ்ப்பாள் உள்ள கேட்டும் இருக்கும் வீடாகப் பாருங்கள். ஊர் ஊராகச் சுற்றவும் வேண்டாம். ஒரே வீட்டில் நான்கு மாதம் இருந்தால் கடைக்காரர், பக்கத்து வீட்டுப் பாட்டி, நாய் எல்லாம் பிள்ளைகளுக்குப் பழகும். சாப்பாட்டுக்குக் கவலை இல்லை: இடியப்பம், சொதி, பருப்பு, எருமைத் தயிரில் கித்துள் பாணி (கித்துள் பனையின் பாகு). கறிகளில் மட்டும் காரம் நம்மைவிட ஒரு படி மேல், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். குறுக்கே ஓடும், காலி (Galle) நகருக்குப் போகும் சாலையில் பஸ்கள் பறக்கும். நேர்மையாகச் சொன்னால், அங்கே நான் பிள்ளைகளின் கையை இறுகப் பிடித்தது கடலோரத்தில் அல்ல, அந்தச் சாலையைக் கடக்கும்போதுதான்.

உடம்பு விஷயத்தில் உங்கள் குழந்தை மருத்துவரிடம் இரண்டு மாதம் முன்னால் போய்விடுங்கள். டைபாய்டு, ஹெபடைடிஸ் ஏ, வெறிநாய்க்கடிக்கான முன் தடுப்பூசி மூன்றையும் பற்றிக் கேளுங்கள். இலங்கை மலேரியா ஒழிந்த நாடு என்று 2016-இல் சான்று பெற்றது. டெங்கு மட்டும் இருக்கிறது, நம் ஊர் மாதிரியே. காய்ச்சல் என்றால் பாராசிட்டமால் மட்டும், டெங்கு இல்லை என்று தெரியும் வரை இப்யூபுரூஃபனும் ஆஸ்பிரினும் தொடக் கூடாது. ஆம்புலன்ஸுக்கு 1990 என்ற எண், இலவசம். 2016-இல் இந்திய உதவியோடு மேற்கு, தென் மாகாணங்களில்தான் முதலில் தொடங்கியது. எங்களுக்கு வந்த பெரிய தொல்லை பெரியவளின் காது வலி. தினமும் கடலில் ஊறும் காது அப்படித்தான், நனைந்த காதை ஒவ்வொரு முறையும் தலை சாய்த்து வடித்து, துண்டு நுனியால் வெளிப்பக்கம் ஒற்றிவிட வேண்டும். பஞ்சுக் குச்சி உள்ளே போகக் கூடாது.

படிப்பு: நீங்கள் பயப்படும் அளவுக்கு நஷ்டம் இல்லை. அரையாண்டுத் தேர்வு டிசம்பரில் முடிகிறது, ஏப்ரல் கடைசியில் கோடை விடுமுறை. மகள் உண்மையில் இழப்பது ஜனவரி முதல் ஏப்ரல் வரை. தலைமையாசிரியரை இப்போதே பார்த்து, இடத்தைத் தக்கவைப்பதாக எழுத்தில் வாங்குங்கள். வாய்மொழியை நம்பிப் போன ஒரு குடும்பம் ஜூனில் திரும்பி வந்து வேறு பள்ளி தேட வேண்டியிருந்தது. சட்டப்படி, 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்விச் சட்டம் ஆறு முதல் பதினான்கு வயதுப் பிள்ளைக்கு வயதுக்கேற்ற வகுப்பில் சேரும் உரிமையைத் தருகிறது, ஆனால் நீங்கள் விரும்பும் அந்தத் தனியார் பள்ளியிலேயே இடம் என்று அது சொல்லவில்லை. மதியம் வெளியே போக முடியாத வெயில், அந்த ஒரு மணி நேரம் பாடத்துக்கு. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. தமிழ் வாசிப்பையும் கணக்கையும் விடாமல் பிடித்துக்கொண்டால் இரண்டாம் வகுப்புக்கு அது போதும். பத்தாம் வகுப்புப் பிள்ளை என்றால் நானே வேண்டாம் என்றிருப்பேன்.

பணமும் காகிதமும் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். இலங்கைச் சுற்றுலா விசா முதலில் 30 நாள், பிறகு நீட்டித்துக்கொள்ள வேண்டும். கடந்த சில வருடங்களில் இந்த விதியும் கட்டணமும் பலமுறை மாறின, டிக்கெட் போடும் அன்று குடிவரவுத் திணைக்களத்தின் அதிகாரப்பூர்வப் பக்கத்தைப் பாருங்கள், வேறு யார் சொல்வதையும், என்னையும் சேர்த்து, நம்பாதீர்கள். சுற்றுலா விசாவில் வேலை செய்யக் கூடாது. பயணக் காப்பீட்டில் சாகச விளையாட்டு விலக்கு என்ற வரி பெரும்பாலும் இருக்கும். சர்ஃபிங் அதில் அடங்குமா என்று மின்னஞ்சலில் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துங்கள். சம்பளமில்லா விடுப்பில் அலுவலகக் குழு மருத்துவக் காப்பீடு தொடருமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். பிள்ளைகளின் பாஸ்போர்ட் ஐந்து வருடம்தான் செல்லும், மகளுடையதை எடுத்துத் தேதி பாருங்கள். பலகைகளைச் சுமக்க வேண்டாம், அங்கே மாத வாடகைக்குக் கிடைக்கும்.

இரண்டாவது மாதம் பற்றிச் சொல்கிறேன் என்றேன். ஐந்தாறு வாரத்தில் புதுமை தீர்ந்துவிடும். எங்கள் பெரியவள் ஒரு நாள் பகல் முழுக்கச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். வகுப்புத் தோழியின் பிறந்தநாள் அன்று என்பது இரவில்தான் தெரிந்தது. நாங்களும் சின்னச் சின்னதற்கெல்லாம் சண்டை போட்டோம். அப்போது என் மாமியாரும் மாமனாரும் மூன்று வாரம் வந்து தங்கினார்கள். வீட்டின் காற்றே மாறியது. அந்த மூன்று வாரத்தில்தான் நானும் கணவரும் மறுபடி சேர்ந்து அலையில் இறங்கினோம், துண்டு தாத்தா தோளில் இருந்தது. உங்கள் பெற்றோருக்கும் பிப்ரவரி நடுவில் டிக்கெட் இப்போதே போட்டுவிடுங்கள்.

உங்கள் அம்மா அழுவதை ஒதுக்கிவிடாதீர்கள். அவர் நாகப்பட்டினத்துக்காரர் என்று எழுதியிருக்கிறீர்கள். 2004 டிசம்பர் 26-ஐப் பார்த்தவர்களிடம் கடல் பாதுகாப்பானது என்று வாதாட முடியாது, நான் வாதாட மாட்டேன். வெலிகம போகும் அதே ரயில் பாதையில், பெரலியவில் அன்று ஒரு ரயிலே அலையில் போனது, ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். இன்று எச்சரிக்கை அமைப்பு இருக்கிறது, அன்று இந்தியப் பெருங்கடலில் அது இல்லை. நீங்கள் செய்ய வேண்டியது: போன முதல் நாளே வீட்டிலிருந்து உள்நாட்டுப் பக்கம் மேட்டுக்கு எந்த வழியாகப் போவது என்று பிள்ளைகளோடு நடந்து பாருங்கள், எத்தனை நிமிஷம் ஆகிறது என்று குறியுங்கள். கடல் திடீரென உள்வாங்கினால் வேடிக்கை பார்க்காமல் அந்த வழியில் போக வேண்டும் என்று மகளுக்குச் சொல்லிவையுங்கள். அந்த நடையை அம்மாவுக்கு வீடியோ காலில் காட்டுங்கள். எங்கள் வீட்டில் அதன்பிறகுதான் போனில் அழுகை நின்றது.

ஏப்ரல் நடுவில் புத்தாண்டுக்கு ஊரே மூடிவிடும், அது முடிந்ததும் வேன் எடுத்து அறுகம் குடாவுக்குப் போங்கள். சாலை வழியே ஐந்தாறு மணி நேரம். பொத்துவில், உல்லை பக்கம் தமிழ் பேசும் முஸ்லிம் மக்கள் அதிகம். நான்கு மாதமாகக் கையசைத்தே விளையாடிய என் பெண்கள், அங்கே முதல் நாள் ஒரு பையன் “பந்து அடிக்க வாறீங்களா?” என்று கேட்டதும் நின்ற இடத்தில் நின்றார்கள். ஆனால் அலையைப் பொறுத்தவரை அது பிள்ளைகளுக்கு வெலிகம அல்ல. அங்கே முக்கிய சர்ஃபிங் இடமான பெரிய முனையில் (மெயின் பாயிண்ட்) அடியில் பாறையும் கடல்முள்ளெலியும் உண்டு, பிள்ளைகளுக்கு மணல் உள்ள விஸ்கி பாயிண்ட் பக்கம் பாருங்கள், மே மாதத்தில் அலையும் சிறிதாக இருக்கும். களப்பு (காயல்) ஓரத்தில் பிள்ளைகளை இறக்கவே கூடாது. அங்கே முதலை உண்டு, 2017-இல் யானைப்பாறைப் பக்கம் ஒரு பிரிட்டிஷ் பத்திரிகையாளரை முதலை கொன்றது. பாணமைச் சாலையில் அந்தி சாய்ந்தால் யானை வரும், ஐந்து மணிக்கு வீடு திரும்பிவிடுங்கள்.

பிள்ளைகளுக்கு இதனால் என்ன கிடைக்கும் என்று கடைசியாகக் கேட்டிருக்கிறீர்கள். உறுதியாகச் சொல்லக்கூடியது: நீச்சலும் கடலைப் படிக்கும் கண்ணும் வரும். தன்னம்பிக்கை வளரும், கவனம் கூடும் என்றெல்லாம் விளம்பரங்களில் சொல்வதை என்னால் உறுதி சொல்ல முடியாது. என் பெரியவள் இப்போது பலகையைத் தொடுவதில்லை, பூப்பந்து விளையாடுகிறாள். சின்னவளுக்கு அந்த ஐந்து மாதத்தில் மிஞ்சிய ஞாபகம் படகுக்குப் பின்னால் பார்த்த மீன்கள் மட்டும். உங்கள் மகனுக்கு அதுவும் மிஞ்சாது. அந்த மாதங்கள் எனக்கு ஞாபகம் இருக்கின்றன: மாலையில் நனைந்த இரண்டு தலைகளைத் துவட்டியது, அவசரமில்லாமல். அது எனக்குப் போதுமாக இருந்தது, உங்களுக்குப் போதுமா என்று நீங்கள் இருவரும்தான் பேசிக்கொள்ள வேண்டும்.

டிக்கெட் போடும் முன் ஒன்று செய்யுங்கள். வருகிற நான்கு வார இறுதிகளிலும் கோவளத்துக்குப் பிள்ளைகளையும் அழைத்துப் போங்கள், பாட்டி துணை இல்லாமல். ஒரு மஞ்சள் துண்டு எடுத்துக்கொள்ளுங்கள். முதல் முறை மனைவிக்கு. யார் எத்தனை நிமிஷம் தண்ணீரில் இருந்தீர்கள் என்று நோட்டில் எழுதுங்கள். நாலாவது ஞாயிறு மாலை அந்தக் கணக்கை அவர் கையில் கொடுத்து, போகலாமா என்று அவரிடம் கேளுங்கள்.